பெருந்தொற்றும் மாநகராட்சியின் கருவூலமும்



பெருந்தொற்றுக் காலத்தில் மாநகராட்சியின் வரவு சுருங்கும்; செலவு பெருகும். ஹைதராபாத் பெருநகர மாநகராட்சியோ அதற்கு முன்பே கடன்பட்டிருந்தது. 2018 பிப்ரவரியில் 8.9 விழுக்காட்டு வட்டிக்குக் கடன் பத்திரங்கள் வெளியிட்டு 200 கோடி ரூபாய் திரட்டியது. மூன்றாம் வெளியீட்டில் வட்டி 10 விழுக்காட்டைத் தாண்டியது. 2020 மார்ச்சில் கடைகள் மூடின. வட்டிக்கு ஊரடங்கு ஏது? தெருத்தெருவாகக் கிருமிநாசினி தெளித்த தூய்மைப் பணியாளருக்குக் கூலியும் தந்தாக வேண்டும்.

அந்நிலையில் ஒன்றிய அரசு செய்ததென்ன? மே 17 அன்று, மாநிலங்களின் கடன் வரம்பை மாநில மொத்த உற்பத்தி மதிப்பில் 3 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாக உயர்த்தியது. தந்தது மானியமன்று, கடன் வாங்க அனுமதி. அதிலும் நிபந்தனையற்றது அரை விழுக்காடு மட்டுமே. எஞ்சியதற்கான நிபந்தனைகளுள் ஒன்று, நகரச் சொத்துவரியின் குறைந்தபட்ச விகிதத்தை வழிகாட்டி மதிப்போடு பிணைப்பது. குடிநீர், கழிவுநீர்க் கட்டணங்களுக்கும் குறைந்தபட்ச விகிதம் அறிவிப்பது. கடன் வாங்குவது மாநில அரசு. வரி கட்டுவது குடியிருப்போர்.

தெலங்கானா இதனை நிறைவேற்றி, 2021 ஜனவரியில் 2,508 கோடி ரூபாய் கூடுதல் கடனுக்கு அனுமதி பெற்றது. அதே மாதத்தில்தான் ஹைதராபாத்தில் வீட்டுக்கு 20,000 லிட்டர் இலவசக் குடிநீர்த் திட்டமும் தொடங்கியது. முந்தைய மாதம் மாநகராட்சித் தேர்தல் நடந்திருந்தது என்பதை மறத்தற்கில்லை.

உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்திற்கென 15ஆம் நிதிக்குழு பரிந்துரைத்த 70,051 கோடி ரூபாய் 2021–26 காலத்திற்குரியது. முதல் அலையின் செலவுக்கு அதிலிருந்து ஒரு காசும் இல்லை. தொற்று பரவும் வேளையிலேயே, நிபந்தனையின்றி, உள்ளாட்சிக்கு நேரடி மானியம் வேண்டும் என்பதே கோரிக்கை.