நாற்பது எங்கே போனது?

(மும்பை தாராவியில், மாலை நேர எழுத்தறிவு வகுப்பில் பேசியது)



இன்று வைஃபை பற்றிப் பேசப் போகிறேன். நான் இன்ஜினியர் இல்லை. சந்தேகம் வந்து, நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவன்.

போன மாதம் நம் வகுப்பு அக்கா ஒருவர் என்னிடம் வந்தார். இட்லி வியாபாரம் செய்பவர். கோபமாக இருந்தார்.

"தம்பி, 40 வேகம் என்று சொல்லி மாசம் 500 ரூபாய் வாங்குகிறார்கள். போனில் 4 என்றுதான் காட்டுது. பையன் பரணில் உட்கார்ந்து பாடம் பார்க்கிறான். படம் நின்று நின்று வருது. கம்பெனியில் கேட்டால், இன்னும் 200 ரூபாய் கட்டி 100 வேகம் போடச் சொல்கிறார்கள். போடட்டுமா?"

200 ரூபாய் என்றால் எத்தனை இட்லி? அதிகாலையில் எழுந்து மாவு ஊற்றுகிறவருக்குத்தான் தெரியும். "பொறுங்கள் அக்கா, முதலில் வீட்டைப் பார்ப்போம்" என்றேன்.

முதல் விஷயம் கணக்கு.

கம்பெனி சொல்லும் 40 என்பது, விநாடிக்கு 40 மெகாபிட். போனில் ஒரு படத்தை இறக்கும்போது காட்டுவது பெரும்பாலும் மெகாபைட். பிட் வேறு, பைட் வேறு. 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'பி' எழுத்துதான். சின்ன பி போட்டால் பிட். பெரிய பி போட்டால் பைட்.

அக்காவின் போனில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தோம். 4 மெகாபைட் காட்டியது. 4 பெருக்கல் 8 எவ்வளவு? 32. ஆக, 40-க்கு 32 வருகிறது. அக்கா நினைத்ததுபோல் பத்தில் ஒரு பங்கு இல்லை.

மீதி 8 எங்கே?

கடிதம் அனுப்பினால் உறை வேண்டும், விலாசம் வேண்டும். அந்த எடையும் சேரும். இணையத்திலும் அப்படித்தான். ஒவ்வொரு துண்டுச் செய்தியோடும் விலாசம் போகிறது. அதற்குக் கொஞ்சம் வேகம் செலவாகிறது.

இன்னொன்று. விளம்பரத்தில் 40-க்கு முன்னால் 'அப் டூ' என்று பொடியாக இருக்கும். தமிழில் 'வரை' என்று பொருள். 40 வரை கிடைக்கலாம். எப்போதும் 40 என்று அவர்கள் எழுதவில்லை. அந்தச் சின்னச் சொல்லைப் படிக்கத் தெரியாவிட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

நம் தெருக்குழாயைப் பாருங்கள். ஒருவர் மட்டும் பிடித்தால் நிறைய வரும். எல்லோரும் மோட்டார் போட்டால் குறையும். இணையமும் அப்படித்தான். இரவு 9 மணிக்கு எல்லா வீட்டிலும் படம் பார்க்கிறார்கள். அப்போது வேகம் குறையும்.

இரண்டாவது விஷயம் வீடு.

பரணில் ஏறிப் பார்த்தோம். அங்கே அரை மெகாபைட்தான். அதாவது 4 மெகாபிட். கீழே 32, மேலே 4! வழியில் தின்றது யார்?

பெட்டி கீழே, இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. பக்கத்தில் தண்ணீர் டிரம். பரணுக்கு அடியில் தகரம் அடித்திருந்தது. வைஃபை என்பது ரேடியோ அலை. இரும்பும் தகரமும் அதைத் திருப்பி அடிக்கும். தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். கனமான சுவரும் பலவீனமாக்கும்.

இந்த நிலையில் 200 ரூபாய் கூடுதலாகக் கட்டினால் என்ன ஆகும்? பெட்டிவரை 100 வரும். தகரத்தைத் தாண்டி மேலே போவது கொஞ்சம்தான். பெரிய குழாய் போட்டுவிட்டு ஓட்டைக் குடத்தில் பிடித்ததுபோல் ஆகும்.

லைன் போடும் ஆளைக் கூப்பிட்டோம். பெட்டியை ஏணிக்குப் பக்கத்தில், உயரமாக, திறந்த இடத்தில் மாட்டினார். அந்த ஒயரை நாமே இழுக்கக் கூடாது. உள்ளே கண்ணாடி இழை இருக்கிறது. மடக்கினால் ஒடிந்துவிடும்.

இப்போது பரணில் 3 மெகாபைட் வருகிறது. நீங்களே பெருக்குங்கள். 24! பையன் பாடம் நிற்காமல் ஓடுகிறது. அக்கா 200 ரூபாய் கட்டவில்லை.

வேறு காரணங்களும் உண்டு.

வைஃபையில் ஒரு தடத்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மற்றவர் காத்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பெட்டியும் அதே தடத்தில் இருந்தால் அதற்கும் காத்திருக்க வேண்டும். பல பெட்டிகளில் 2.4, 5 என்று இரண்டு பெயர் தெரியும். 2.4 தூரம் போகும். ஆனால் அதில் கூட்டம் அதிகம். ஒன்றோடொன்று மோதாத தடங்கள் மூன்றுதான். 5 வேகமானது. ஆனால் சுவர் தாண்டினால் சீக்கிரம் தளர்ந்துவிடும். பெட்டி இருக்கும் அறையிலேயே இருந்தால் 5-ஐப் போடுங்கள்.

கடவுச்சொல்லை எல்லோருக்கும் கொடுத்தால் வேகமும் பங்காகிவிடும். சில திட்டங்களில் மாதத்துக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. அது தீர்ந்ததும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள்.

சரி, பெட்டியின் பக்கத்தில் நின்றும் குறைவாக வந்தால்?

அப்போது குறை லைனில் இருக்கலாம். ஒரு நோட்டு எடுங்கள். மற்ற போன்கள், டிவி எல்லாவற்றையும் வைஃபையிலிருந்து நிறுத்துங்கள். காலையிலும் இரவிலும் வேகத்தைப் பாருங்கள். தேதி, நேரம், எண் எழுதுங்கள். ஒரு வாரம் எழுதுங்கள்.

பிறகு கம்பெனியின் புகார் எண்ணுக்குப் பேசுங்கள். புகாரைப் பதிவு செய்து அதற்கு ஓர் எண் தருவார்கள். அதையும் நோட்டில் எழுதுங்கள். தீர்வு கிடைக்கவில்லை என்றால், அதே கம்பெனியில் மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை. இது டிராய் என்கிற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2012-இல் கொண்டுவந்த விதி.

அந்த அக்கா முன்பு, "நமக்கு என்ன தெரியும்?" என்று சொல்லி, கேட்ட பணத்தைக் கட்டிவிடுவார். இப்போது பில்லைக் கையில் எடுத்து, "இந்த 40 பிட்டா, பைட்டா?" என்று கேட்கிறார். கம்பெனி ஆள் யோசித்துத்தான் பதில் சொல்கிறார்.

இன்று வீட்டுக்குப் போய் உங்கள் பெட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் ஒரு முறை, தூரத்தில் ஒரு முறை வேகம் பாருங்கள். இரண்டு எண்ணையும் எழுதிக்கொண்டு நாளைக்கு வாருங்கள். சேர்ந்து கணக்குப் போடுவோம்.