எவரெஸ்ட் ஏறியவர் படித்த பாடம்



1953 மே 29 அன்று எட்மண்ட் ஹிலாரியுடன் எவரெஸ்ட் உச்சியில் நின்றவர் டென்சிங் நோர்கே. மறு ஆண்டே அவர் ஸ்விட்சர்லாந்து போய், அர்னால்ட் கிளாட்ஹார்ட் நடத்திய மலையேற்றப் பள்ளியில் வேறு சில ஷெர்பாக்களோடு மாணவராகச் சேர்ந்தார். டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கவிருந்தது; களப்பயிற்சி இயக்குநர் பொறுப்பு அவருக்கு. எவரெஸ்ட்டையே ஏறியவருக்கு இன்னும் என்ன படிப்பு என்று அன்றைக்கும் யாராவது கேட்டிருப்பார்கள். அவருக்கு ஏறத் தெரியும், சரி. மலையையே பார்த்திராத பையனை ஏற்றிவிடத் தெரிய வேண்டுமே! 1954 நவம்பரில் நிறுவனம் திறக்கப்பட்டது.

இன்றும் இந்திய மலையேற்ற நிறுவனங்களில் அடிப்படைப் பயிற்சி, மேல்நிலைப் பயிற்சி இரண்டையும் நன்றாக முடித்தவர்கூடப் பயிற்றுநர் ஆக வேண்டுமானால், கற்பிக்கும் முறைக்கென்றே உள்ள தனிப் பயிற்சிக்குப் போக வேண்டும்.

கயிற்றில் போடும் ‘8’ வடிவ முடிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சொல்லிக்கொடுக்க வருபவர் மாணவர்களுக்கு எதிரே நின்று போட்டுக் காட்டுவார். பார்ப்பவர்களுக்கு இடம் வலமாகத் தெரியும். பலருக்கும் கயிறு சிக்கிக்கொள்ளும். நல்ல மூத்த பயிற்றுநர் நடுவில் புகுந்து அவர் மானத்தை வாங்க மாட்டார். வகுப்பு கலைந்ததும், “பிள்ளைங்களுக்குப் பக்கத்துல நின்னு போட்டுக் காட்டுங்க தம்பி” என்பார், அவ்வளவுதான். ஆனால் அந்த அரைகுறை முடிச்சோடு ஒரு பிள்ளை பாறையில் கால் வைக்கப் போனால், யார் மானம் போனாலும் சரி என்று அந்த நிமிடமே நிறுத்துவார். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் எத்தனை சிகரம் ஏறியிருந்தாலும் வழிகாட்டியாக இருக்க லாயக்கில்லை.

வழிகாட்டக் கற்றுக்கொள்பவர்களை மூத்தவர் துணையில்லாமல் பிள்ளைகளோடு அனுப்பினால் என்ன ஆகும்? ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலையில் 1971 நவம்பரில் அது தெரிந்தது. எடின்பரோ பள்ளி மாணவர்கள் இரண்டு குழுக்களாகப் போனார்கள். அனுபவசாலியான பயிற்றுநர் ஒரு குழுவோடு போனார். அனுபவம் குறைந்த குழுவுக்குக் கிடைத்ததோ 20 வயதுக் கல்லூரி மாணவி ஒருவரும், துணைக்கு, இன்னும் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த 18 வயதுக்காரர் ஒருவரும். பனிப்புயலில் இரண்டு இரவுகள் வெட்டவெளியில் கழிந்தன. ஐந்து மாணவர்களும் அந்த 18 வயதுக்காரரும் இறந்துபோனார்கள். மலையில் பள்ளிப் பிள்ளைகளை நடத்திச் செல்வோரின் தகுதி பற்றிப் பிரிட்டன் அதன்பிறகுதான் கறாரானது.

இன்று பட்டம் பெறும் உடற்கல்வி ஆசிரியர்களே, நீங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே, “பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போங்க சார்” என்று உங்களிடம் சொல்வார்கள். கூட ஒரு மூத்தவர் வேண்டும் என்று கேளுங்கள். ஆள் இல்லை, பணம் இல்லை என்று கையை விரித்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.