எண்ணெய் ஆலை எங்கே அமைவது?

அடுப்பங்கரையில் சமையல் வாயு தீர்ந்துபோகும் நாளில்தான் நம்மிற் பலர் எண்ணெய் ஆலைகளைப் பற்றி நினைக்கிறோம். மும்பையில் செம்பூர்ப் பக்கம் குடியிருக்கும் நம்மவர்க்கு அவ்வாறன்று. ட்ராம்பே ஆலைகளின் சுடர் இரவில் அவர்களுடைய கண்ணெதிரே எரிகிறது. 1950-களின் நடுவில் அங்கே எழுந்த இரண்டு ஆலைகளும், 1957-இல் விசாகப்பட்டினத்தில் எழுந்த ஆலையும் அந்நாளில் அயல்நாட்டுக் கம்பெனிகளுக்கு உரியவை. கச்சா எண்ணெயை எங்கிருந்து வாங்குவது என்பதையும் அவையே முடிவு செய்தன. 1960-இல் சோவியத் நாடு மலிவு விலையில் தர முன்வந்த எண்ணெயைச் சுத்திகரிக்க அவை இணங்கவில்லை. ஆலை நம் மண்ணில் இருந்தும் அதன் வாயில் நம் சொல்லுக்குத் திறக்கவில்லை. நாட்டுக்குச் சொந்தமான ஆலைகள் வேண்டும் என்று வாதித்தவர்களுக்கு இதைவிட நல்ல சான்று வேண்டியிருக்கவில்லை.

எந்த ஊரில் அமைப்பது என்ற வழக்கோ அதற்கு முன்னரே மூண்டுவிட்டது. 1953-இல் அஸ்ஸாமின் நஹர்கத்தியாவில் எண்ணெய் கண்டறியப்பட்டது. அதைச் சுத்திகரிக்கும் ஆலையைப் பீஹாரிலுள்ள பரௌனியில் அமைக்கும் எண்ணம் வெளிப்பட்டதும் அஸ்ஸாம் மக்கள் கொதித்தெழுந்தார்கள். எங்கள் மண்ணின் எண்ணெய்க்கு வெளியூரில் ஆலையா என்பது அவர்கள் கேள்வி. கச்சா எண்ணெயை ஒரே குழாயில் அனுப்பிவிடலாம். ஆனால் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எனப் பலவாகப் பிரிந்தபின் அவற்றை நெடுந்தூரம் கொண்டு செல்வது செலவு மிக்கது. ஆகவே வாங்குவோர் மிகுந்த இடத்தருகே ஆலை இருத்தல் நன்று என்பது எதிர்வாதம். இரண்டிலும் நியாயம் உண்டு. முடிவில் இரண்டு ஆலைகள் எழுந்தன. ருமேனியாவின் உதவியுடன் கௌஹாத்தியை அடுத்த நூன்மாட்டியில் ஏழரை இலட்சம் டன் கொள்ளளவுள்ள ஆலை 1962-இல் திறக்கப்பட்டது. சோவியத் உதவியுடன் பரௌனி ஆலை 1964-இல் இயங்கத் தொடங்கியது. அஸ்ஸாமின் மனக்குறை அத்துடன் தீரவில்லை. 1985-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இன்னோர் ஆலையைக் கேட்டுப் பெற்றது. அதுவே நுமாலிகர்.

இனி மேற்குக் கரைக்கு வருவோம். மஹாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் ஆண்டுக்கு ஆறு கோடி டன் சுத்திகரிக்கும் ஆலை ஒன்றை அமைக்கத் திட்டமிட்டார்கள். நூன்மாட்டி தொடங்கியபோது இருந்த அளவைப்போல் எண்பது மடங்கு! நாணார் கிராமத்தாரும் சுற்றியுள்ள மாந்தோப்புக்காரரும் மீனவரும் வேண்டா என்றனர். 2019-இல் மாநில அரசாங்கம் நாணாரைக் கைவிட்டது. 2022-இல் பார்சு என்ற மற்றோர் இடம் குறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு மண் ஆய்வுக்கு வந்தவர்களை அவ்வூர்ப் பெண்களும் முதியோரும் தடுத்து நின்றார்கள். அங்குள்ள செம்பாறை மேட்டில் வரலாற்றுக்கு முற்பட்ட மனிதர் செதுக்கிய உருவங்களும் உள்ளன. அன்று ஆலை வேண்டும் என்று மறியல். இன்று வேண்டா என்று மறியல். ஹாப்பூஸ் மாம்பழத்தை மும்பையில் கூடை கூடையாக வாங்கி உண்ணும் நமக்கு இவ்வழக்கு அயலாருடையது அன்று.

ஆலை தேவையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 2024-இல் நம் நாட்டு ஆலைகளின் மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 25 கோடி 70 இலட்சம் டன். பெட்ரோலும் டீசலும் அயல்நாடுகளுக்கும் விற்கிறோம். அவ்வாறிருந்தும் நாம் எரிக்கும் சமையல் வாயுவில் பாதிக்கும் மேல் கப்பலில் வந்தது. கச்சா எண்ணெயிலிருந்து கிடைக்கும் வாயு சிறு பங்கே. ஆலைகளைப் பெருக்குவதால் மட்டும் அக்குறை நீங்காது. மேலும், இன்று கட்டும் ஆலை முப்பது நாற்பது ஆண்டுகள் ஓடினால்தான் போட்ட முதல் பயன் தரும். மின்சார வண்டிகள் பெருகிவரும் காலத்தில் அத்தனை ஆண்டும் அதற்கு வேலை இருக்குமா? புதிய நிலம் தேடுவதைவிட, இருக்கும் ஆலையைப் பெரிதாக்குவது நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. நுமாலிகரை முப்பது இலட்சம் டன்னிலிருந்து தொண்ணூறு இலட்சம் டன்னுக்கு உயர்த்தும் பணியை அவ்வழியில்தான் மேற்கொண்டார்கள். ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு: ஆலை வளர வளர, அதன் வேலிக்கு வெளியே ஏற்கெனவே குடியிருப்பவரின் மூச்சுக்காற்றை யார் அளந்து பார்ப்பது? செம்பூரில் வாழும் நம்மவரைக் கேட்டால் சொல்வார்கள்.