பதின்மூன்றாவது கோலுக்கும் கொண்டாட்டமா?

2019 ஜூன் 11, பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் மகளிர் உலகக் கிண்ணக் காற்பந்து. அமெரிக்கா 13, தாய்லாந்து 0. அலெக்ஸ் மோர்கன் மட்டும் 5 கோல்கள். இத்தனை எதற்கு என்று பலர் கேட்டார்கள். பிரிவுச் சுற்றில் புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள் என்பது அந்தப் போட்டியின் விதி. பாவம் என்று காலை இழுத்துக்கொள்வது எதிரணிக்கு இன்னும் பெரிய அவமானம். ஆகவே கோல் அடித்தது குற்றமில்லை. ஆனால், பத்துக்கு மேல் போன பிறகும் துள்ளிக் குதித்துக் கொண்டாடச் சொன்னது எந்த விதி? அதே அணியின் கார்லி லாய்ட், ஆட்டம் முடிந்ததும் தாய்லாந்துக் கோல்காவலருக்கு ஆறுதல் சொன்னாரே, அவருக்குத் தெரிந்திருக்கிறது! அடுத்த ஆட்டத்தில் தாய்லாந்து சுவீடனிடம் 5-1 எனத் தோற்றது. கடைசி நேரத்தில் விழுந்த அந்த ஒரு கோலுக்கு, அணி நிர்வாகி நுவல்பான் லாம்சாம் தேம்பித் தேம்பி அழுதார்.