மோதலில் மாறாதது எது?



இயற்பியல் கலைச்சொல் ஒன்றை மொழியியல் நோக்கில் இன்று ஆராய முற்படுகிறோம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் அறிவியலைத் தமிழில் பயிலும் நம் மாணவர், உந்தம் பற்றிய பாடத்தை இடைநிலைப்பள்ளியில் மலாயிலோ ஆங்கிலத்திலோ எதிர்கொள்கிறார். அதற்குரிய தமிழ்ச்சொல்லை அவருக்கு அளிக்கும் கடமை நம்முடையதாகிறது. அளிக்கும் சொல் மயக்கம் தராததாக இருத்தல் வேண்டும்.

'உந்து' என்னும் வினையடியாகப் பிறந்தது உந்தம். பொருளின் நிறையைத் திசைவேகத்தால் பெருக்கிவரும் அளவு அது. 17ஆம் நூற்றாண்டில் ரெனே தெக்கார்த் இயக்கத்தின் அளவைக் கணக்கிடுகையில் திசையைக் கருதவில்லை. 1668இல் இலண்டன் ராயல் கழகம் மோதல் விதிகளைக் கேட்டபோது வாலிஸ், ரென், ஹைகன்ஸ் ஆகிய மூவரும் விடை அளித்தனர். திசையையும் சேர்த்தாலன்றிக் கணக்கு நேர்படாது என்பது அவ்வாய்வுகளால் தெளிவுபெற்றது.

1 கிலோகிராம் நிறையுள்ள உருண்டையொன்று நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் சென்று, அசையாதிருக்கும் அதே நிறையுள்ள உருண்டையை நேராக மோதுவதாகக் கொள்வோம். முழு மீட்சி மோதலாயின் முதலாவது நின்றுவிடும். இரண்டாவது 3 மீட்டர் வேகத்தில் செல்லும். ஒட்டிக்கொண்டால் இரண்டும் 1.5 மீட்டர் வேகத்தில் நகரும். இரு நிலையிலும் மொத்த உந்தம் 3 அலகே. இயக்க ஆற்றலோ முன்னதில் 4.5 ஜூல், பின்னதில் 2.25 ஜூல். மறுபாதி வெப்பமாகவும் உருக்குலைவாகவும் மாறிவிட்டது. எனவே, புறவிசை இல்லாதவரை உந்தம் மாறாமை எல்லா மோதலுக்கும் பொது. இயக்க ஆற்றலும் மாறாதிருத்தல் மீட்சி மோதலின் சிறப்பிலக்கணம்.

இவ்விதியைத் தமிழ்ப் பாடநூல்கள் 'உந்த அழிவின்மை' என்றும் 'உந்த மாறா விதி' என்றும் வழங்குகின்றன. மலாய்ச் சொல்லான 'கெஅபாடியான்' என்பதன் அடிச்சொல் 'அபாடி'. என்றும் உள்ளது என்பது அதன் பொருள். "நின்றுவிட்ட உருண்டையின் உந்தம் அழிந்ததன்றோ?" என மாணவர் வினவக்கூடும். அது மற்றதற்குக் கைமாறியது என்போம். எதிரெதிரே 3 மீட்டர் வேகத்தில் வந்த இரண்டும் ஒட்டி நின்றுவிட்டால்? அங்கே அழிவின்மை என்னும் சொல் அவரைக் குழப்பும். திசை எதிராதலின் ஒன்று கூட்டல் 3, மற்றது கழித்தல் 3; மொத்தம் முன்பும் சுழி, பின்பும் சுழி. ஆகவே 'மொத்த உந்தம் மாறாமை' என்பதையே நாம் பரிந்துரைக்கிறோம். 'மொத்த' என்னும் அடைமொழியை விட்டுவிட்டால் விதியே பிழைபடும்.