பெட்டிக்குள் இருக்கும் கடிதங்கள்



ரப்பர்த் தோட்டங்களை விட்டுச் சிலிபினில் குடியேறிய வீடுகளில் பழைய தகரப் பெட்டி ஒன்று இருக்கும். அதில் கல்யாணப் படமும் நீல வான்கடிதங்களும் கிடக்கும். 1969-ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. பல்லாயிரம் பேர் தமிழகம் திரும்பினார்கள். கணவன் அக்கரை, மனைவி இக்கரை என்று பிரிந்தவர்களும் உண்டு. அவர்களுக்குக் கடிதமே இல்லறம்.

ஒருமுறை, பழைய படம் ஒன்று கொண்டுவரும்படி பிள்ளைகளிடம் சொன்னோம். ஒரு சிறுமி பாட்டியின் கடிதக் கட்டையும் சேர்த்துக் கொண்டுவந்தாள். நாங்கள் யோசியாமல் ஒன்றை வகுப்பில் உரக்கப் படித்துவிட்டோம். மறுநாள் பாட்டி வந்தார்.

"வாத்தியாரே, அவர் எனக்குத்தானே எழுதினார்?"

தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டோம். கடிதங்களை மடியில் வைத்துக்கொண்டார். படத்தை மட்டும் எடுத்து, அதிலிருந்த ஒவ்வொருவர் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொன்னார்.

ஆகவே, முதலில் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால், படத்தின் பின்புறம் மெல்லப் பென்சிலால் பெயர், ஊர், ஆண்டு எழுதுங்கள். பசை தடவாதீர்கள், ஈரம் படாத இடத்தில் காகித உறையிலிட்டு வையுங்கள். கடிதம் உரியவர் கையிலேயே இருக்கட்டும். பெயர் சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வோம்.