குடிக்கூலிக்காரர்களின் திருவல்லிக்கேணி



திருவல்லிக்கேணியைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பார்த்தசாரதி கோயிலில்தான் தொடங்குவார்கள். அதில் தவறில்லை. பல்லவன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. பேயாழ்வார், திருமழிசையாழ்வார், திருமங்கையாழ்வார் மூவரும் பாடிய தலம் அது. 1676-இல் கோல்கொண்டாவிடமிருந்து ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தபோதே இது பழைய ஊர். ஆனால் கோயிலைச் சுற்றி ஊர் வளர்வது நம் நாட்டில் அதிசயமில்லை. சொந்தமாக ஒரு செங்கல்கூட இல்லாதவர்கள் ஓர் ஊருக்குக் குணம் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு அதிசயம். இன்றைய பேச்சு அவர்களைப் பற்றியது.

1768-இல் ஆற்காட்டு நவாப் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டார். அவரை அண்டிப் பிழைத்தவர்கள் பக்கத்திலேயே குடியேறினார்கள். 1855-இல் நவாப் பட்டம் முடிந்துபோக, அரண்மனை சர்க்கார் கைக்குப் போனது. கடற்கரையோரம் மாநிலக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் வந்தன. குமாஸ்தா, வாத்தியார், சட்டம் படிக்கும் பையன் என எல்லோருக்கும் நடந்துபோகும் தூரத்தில் குடித்தனம் வேண்டும். ஒரே வாசல், நடுவில் முற்றம், சுற்றிலும் பல குடித்தனங்கள் என்று அமைந்த வீட்டை இங்கே ‘ஸ்டோர்’ என்பார்கள். காலையில் குழாயடியில் தொடங்கும் சண்டை, மாலையில் இரவல் காப்பிப்பொடியில் சமாதானமாகும்.

இப்படி நெருக்கிக்கொண்டு வாழ்ந்ததில் வம்பு மட்டும் வளரவில்லை. இந்தியரான முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியானதை 1878-இல் வெள்ளைக்காரப் பத்திரிகைகள் ஏசின. பதில் சொல்ல இரண்டு ஆசிரியர்களும் நான்கு சட்ட மாணவர்களும் கூடினார்கள். ‘திருவல்லிக்கேணி அறுவர்’ என்றே அவர்களுக்குப் பெயர் நிலைத்தது. ஒன்றே முக்கால் ரூபாய் கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சடித்து ‘தி இந்து’வைத் தொடங்கினார்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது மளிகைக் கதை. இங்கிலாந்தின் ராச்டேல் தொழிலாளர்கள் 1844-இல் காட்டிய வழியில், 1904-இல் இங்கே ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை தோன்றியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர், இந்து உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் சீனிவாச சாஸ்திரியார். மாதச் சம்பளக்காரர்கள் ஒன்று சேர்ந்து தங்களுக்குத் தாங்களே கடைக்காரர்களானார்கள். சென்னை ரேஷன் கடைப் பலகைகளில் ‘டி.யு.சி.எஸ்.’ என்று பார்க்கிறோமே, அந்தச் சங்கம்தான்.

பாரதியார் கடைசியாக இருந்ததும் துளசிங்கப்பெருமாள் கோயில் தெருவில் ஒரு வாடகை வீட்டில். கணித மேதை இராமானுஜன் சீமைக்குக் கப்பலேறுமுன் அனுமந்தராயன் கோயில் தெருவில் குடியிருந்தார். வாடகை பாக்கிக்காரர்களின் ஊர் என்று யாராவது கேலி செய்தால், இந்த இரண்டு பெயர்களைச் சொல்லுங்கள், போதும்.

பலரும் வந்து குடியேறிய இந்த ஊரில் மதங்களும் ஒன்றையொன்று ஒட்டியே வாழ்ந்தன. வாலாஜா பள்ளிவாசல் 1795-இல் இங்கே எழுந்தது. அதன் காலத்தைக் குறிக்கும் பாரசீகச் செய்யுளை எழுதியவர் மக்கன்லால் என்ற இந்து. ரமலான் மாதத்தில் அங்கே நோன்பு திறப்பவர்களுக்கு உணவு பரிமாறுகிறவர்கள், பிரிவினையில் ஊரை இழந்து வந்த சிந்திகளின் வழியில் வந்த சூஃபிதார் அமைப்பினர்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு மற்றதை மறைப்பது நேர்மையாகாது. சாதி கேட்டு, மதம் கேட்டு, ‘நீங்க அசைவமா?’ என்று கேட்டு வீடு மறுத்த தெருக்களும் இதே ஊரில்தான் உண்டு. ‘பேச்சிலரா? இல்லை’ என்று கதவைச் சாத்தினார்கள். அந்தச் சாத்திய கதவுகளுக்கும் ‘மேன்ஷன்’ எனப்படும் மாத வாடகை அறை விடுதிகள் பெருகியதில் பங்கு உண்டு. மூன்று கட்டில், ஒரு மின்விசிறி, கீழே மெஸ், பக்கத்தில் பைகிராப்ட்ஸ் சாலையின் பழைய புத்தகக் கடை, அலுத்தால் மெரினா. வேலை தேடி வந்த தென்மாவட்டத்துப் பையனுக்கு இதைவிட மலிவான பல்கலைக்கழகம் வேறில்லை. பையனுக்கு என்றுதான் சொன்னேன், கவனியுங்கள். தனியாக வேலைக்கு வந்த பெண்ணுக்கு அந்த மாடிப்படிகளில் இடமில்லை. மேன்ஷன் வாழ்க்கையைச் சிலாகித்து எழுதும் நாம் இதை ஒரு வரியில்கூடச் சொல்வதில்லை.

பழங்கட்டடங்களைப் பாதுகாக்கப் பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோபுரமும் மினாரும் பட்டியலில் தாமாகவே இடம்பிடித்துக்கொள்ளும். இடிபடாமல் மிஞ்சியிருக்கும் ஸ்டோர் ஒன்றையும் மேன்ஷன் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டியவர் பெயரோடு நிறுத்தாமல், கிடைத்தால் வாடகைப் புத்தகத்தையும் வாங்கி வையுங்கள்.